பாதுகாப்புக் குழுவுக்கு: கேட்பதானால் இருட்டிய பிறகும் கேளுங்கள்

பல்கலைக்கழகப் பாதுகாப்புக் குழுவில் இருக்கும் அனைவருக்கும்,

வளாகப் பாதுகாப்பு பற்றி மாணவர்களிடமும் ஊழியர்களிடமும் கருத்துக் கேட்கப் போகிறீர்கள் என்று தெரிந்ததும் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். கேள்வித்தாள் முடிவாவதற்குள் சிலவற்றைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

"வளாகம் எவ்வளவு பாதுகாப்பானது? 1 முதல் 5 வரை மதிப்பெண் தருக" என்ற கேள்வியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். மாலை 4 மணிக்கே கிளம்பிவிடுகிறவர் 5 போடுவார், ராத்திரி 11 மணிக்கு ஆய்வகத்தைப் பூட்டிக்கொண்டு தனியாக விடுதிக்கு நடக்கிறவர் 1 போடுவார், சராசரி 3 என்று வரும், அந்த 3-ஐ வைத்துக்கொண்டு எந்த விளக்கை மாற்றுவீர்கள்? எந்தப் பாதையில் போகப் பயப்படுகிறீர்கள், எந்த நேரத்தில், அதற்காக எவ்வளவு தூரம் சுற்றிப் போகிறீர்கள் என்று கேளுங்கள். வளாக வரைபடத்தைக் கையில் கொடுத்து வட்டம் போடச் சொல்லுங்கள். அப்புறம், வட்டம் விழுந்த இடங்களுக்கெல்லாம் இருட்டிய பிறகு அவர்களோடு சேர்ந்து நடந்து பாருங்கள். டொராண்டோவில் மெட்ராக் என்ற அமைப்பு 1989-லேயே இப்படி ஒரு முறையை உருவாக்கியது: ஓர் இடத்தைப் பயன்படுத்தும் பெண்களே அங்கே நடந்து போய், எங்கே வெளிச்சம் போதவில்லை, எங்கே புதர் மறைக்கிறது, எங்கே கத்தினால் யாருக்கும் கேட்காது என்று குறித்துக்கொள்வார்கள். பகலில் கோப்போடு போய்ப் பார்க்கிறவர்கள் கண்ணில் இதெல்லாம் படாது.

1986-ல் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் ஜீன் கிளெரி என்ற 19 வயது மாணவி கொல்லப்பட்டார். பூட்டியிருக்க வேண்டிய கதவுகள் திறந்து கிடந்தன, கொலையாளி அந்த வழியாகத்தான் உள்ளே வந்தான். வளாகத்தில் நடக்கும் குற்றங்களை மாணவர்களிடமிருந்து மறைக்கக் கூடாது என்று அவருடைய பெற்றோர் போராடி, 1990-ல் அதற்கென்று ஒரு சட்டமே வந்தது, அங்குள்ள கல்லூரிகள் ஆண்டுதோறும் குற்றக் கணக்கை வெளியிட்டாக வேண்டும். எந்தக் கதவு பூட்டாமல் கிடக்கிறது என்பது தினமும் அதன் வழியாகப் போய்வருகிறவருக்குத்தான் முதலில் தெரியும். ஆகவே துப்புரவுப் பணியாளரிடமும் இரவுக் காவலரிடமும் கேளுங்கள், அதுவும் அவர்களுடைய மேற்பார்வையாளர் பக்கத்தில் இல்லாதபோது. சக்கர நாற்காலியில் வருகிறவரிடம், தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியேறுவீர்கள் என்று கேளுங்கள்.

பெயர் கேட்கவில்லை என்பதாலேயே அடையாளம் தெரியாது என்று ஆகிவிடாது. துறை, ஆண்டு, பாலினம் மூன்றையும் கேட்டால் சின்னத் துறையில் அது யார் என்று உடனே தெரிந்துவிடும். தன் பட்டமே நெறியாளர் கையில் இருக்கிற ஆய்வு மாணவி இதை யோசிக்காமலா இருப்பார்? தேவையில்லாத விவரத்தைக் கேட்காதீர்கள், கல்லூரி மின்னஞ்சல் வழியாக உள்நுழையச் சொல்லாதீர்கள். யாராவது தனக்கு நடந்த கொடுமையையே அதில் எழுதிவிட்டால் அதை யார் படிப்பார்கள், எங்கே உதவி கேட்கலாம் என்பதைக் கேள்வித்தாளின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

எனக்கு இருக்கிற பெரிய பயம் வேறு. பெண்கள் பயமாக இருக்கிறது என்று சொன்னால் கடைசியில் பெண்கள் விடுதிக் கதவை ஒரு மணி நேரம் முன்னதாகப் பூட்டுவதும், நாலு கேமரா மாட்டுவதுமாக முடிந்துவிடுகிறது. வாய் திறந்தவர்களுக்கே தண்டனை! அப்படி ஒருமுறை நடந்தால் அடுத்த தடவை யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

வந்த கருத்துகளைத் தொகுத்து வெளியிடுங்கள், சொன்னவர் யாரென்று ஊகிக்க முடியாதபடி. எதைச் செய்யப் போகிறீர்கள், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், எதைச் செய்ய முடியாது, ஏன் என்று எழுதுங்கள். முடியாது என்பதைக்கூடக் காரணத்தோடு சொன்னால் ஏற்றுக்கொள்வோம், பதிலே வராததைத்தான் தாங்க முடியவில்லை. முதல் இரவு நடைக்கு ஒரு நாள் குறியுங்கள், நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
இரவில் வளாகத்தில் நடக்கிறவர்களில் ஒருவர்