உன் 58-ஐப் பற்றி

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் ரிப்போர்ட்டின் நகலும் கிடைத்தன. மூட்டுவலி குறைந்து மறுபடி நடக்கக் கிளம்பிவிட்டாயாம், சந்தோஷம். பேத்தி வேலையில் சேர்ந்ததை ஒரு வரியில் முடித்துவிட்டு, சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகத்தைக் காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். 58 என்பதற்கு ஒன்றரைப் பக்கம் புலம்பியிருக்கிறாய். சரி, அதற்கே வருகிறேன்.

அந்த 58-ஐ யாரும் நேராக அளக்கவில்லை. ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் என்ற கழிவின் அளவையும் உன் வயதையும் சூத்திரத்தில் போட்டுக் கணக்கிட்டது. உனக்குக் கிரியாட்டினின் 1.3, வயது 74. அதே 1.3 முப்பது வயதுப் பையனுக்கு வந்தால் 76 என்று காட்டும். நாற்பது வயதைத் தாண்டினால் இந்த எண் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒன்று குறைவது பலருக்கும் உள்ளதுதான். 60-க்குக் கீழே மூன்று மாதமாவது நீடித்தால்தான் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பார்கள். 65-க்கு மேற்பட்டவர்களுக்கு அந்த எல்லையை 45-க்கு இறக்கலாம் என்று வாதாடும் மருத்துவர்களும் உண்டு. எனக்கு அந்த வாதம் பிடிக்கும். நீயோ ஒரே சோதனையில் டயாலிசிஸ் வரை போய்விட்டாய்!

உன் ரிப்போர்ட்டில் முக்கியமான ஒன்று இல்லை: சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரிய நிம்மதி. அதற்கு மேல் போய் அங்கேயே நின்றால், 58 என்பதையும் லேசாக விட முடியாது.

என் அண்ணனுக்கு நேர்மாறு. கிரியாட்டினின் நார்மல் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். அது தசையிலிருந்து வருவது. அவரோ எலும்பும் தோலுமாக இருக்கிறார். டாக்டர் சந்தேகப்பட்டு சிஸ்டாட்டின் சி பார்க்கச் சொன்னார். தசையை அவ்வளவாகச் சாராத சோதனை. அதில்தான் குறைவு தெரிந்தது, சில மாத்திரைகளின் அளவையும் குறைத்தார்கள்.

எனக்குக் கவலை தந்தது உன் மூட்டுவலி குறைந்த ரகசியம்தான். டைக்ளோஃபெனாக் வலி மாத்திரையை நீயே வாங்கித் தினம் போட்டுக்கொள்கிறாயாமே! அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். கூடவே பி.பி. மாத்திரை வேறு. வயதானால் தாகமும் சரியாகத் தெரியாது. இந்த நிலையில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு வந்தால் போதும், கிரியாட்டினின் எகிறிவிடும். இந்த வாரமே டாக்டரிடம் சொல்லி வலிக்கு வேறு வழி கேள். பி.பி. மாத்திரையை மட்டும் நீயாக நிறுத்திவிடாதே, உன்னை எனக்குத் தெரியும்.

அப்புறம், மறுசோதனைக்கு முந்தின நாள் இறைச்சியை வெளுத்துக்கட்டாதே, அதிலும் கிரியாட்டினின் ஏறும். ஆல்புமினையும் சேர்த்துப் பார்க்கச் சொல். முடிவு வந்ததும் இரண்டு எண்களையும் எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்