புள்ளியைக் கேட்பதற்கு முன்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். தவணை விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பிவிட்டார்கள். சீருடை, பல் மருத்துவர் வரும் நாள், சிற்றுண்டிச்சாலை விலை எல்லாம் வழக்கம்போல் வகுப்புப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வரும். இந்தக் கடிதம் பிள்ளைகளின் மனநலத்தைப் பற்றியது. மனநலம் என்றதும் யாரும் பதற வேண்டாம். பிள்ளை சந்தோஷமாக எழுந்து, சந்தோஷமாகப் பள்ளிக்கு வந்து, வீட்டுக்குப் போனதும் வாய் திறந்து பேசுகிறதா என்பதுதான் விஷயம்.

மலேசியாவில் ஆறாம் ஆண்டு முடிவில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். என்ற அரசாங்கத் தேர்வை 2021-இல் எடுத்துவிட்டார்கள். பயம் மட்டும் போகவில்லை. இப்போது ஆசிரியரே செய்யும் வகுப்பறை மதிப்பீட்டில் அடைவுநிலை 1 முதல் 6 வரை இருக்கிறது, 6தான் உயர்ந்தது. 5 வாங்கிய பிள்ளையைப் பார்த்து, ‘6 ஏன் வரவில்லை?’ என்று என் அறையிலேயே கேட்ட அப்பா உண்டு. அந்தப் பையன் என்னைத்தான் பார்த்தான், அப்பாவைப் பார்க்கவில்லை.

நான்காம் ஆண்டு வகுப்பின் கதவருகே ஓர் அட்டை தொங்குகிறது. அதில் நான்கு முகங்கள்: சிரிப்பு, சோகம், கோபம், தூக்கம். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய துணிக்கிளிப் ஒன்று. காலையில் உள்ளே வரும்போது எந்த முகத்தில் வேண்டுமோ மாட்டிவிட்டுப் போகலாம். ஏன் என்று யாரும் உடனே கேட்பதில்லை. போன தவணையில் ஒரு சிறுமியின் கிளிப் நாள்கணக்கில் சோக முகத்திலேயே இருந்தது. ஓய்வு நேரத்தில் ஆசிரியை அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நாசி லெமாக்கில் இருந்த நெத்திலியை ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே அவள் சொன்னாள்: பாட்டியை மாமா வீட்டுக்கு, கிள்ளானுக்கு, அனுப்பிவிட்டார்கள். முதல் நாள் இரவு டிவிக்காகப் பாட்டியோடு சண்டை போட்டது தான்தான், அதனால்தான் பாட்டி போய்விட்டார்.

உண்மையில் பாட்டிக்குக் கண் அறுவை சிகிச்சை. பிள்ளை பயந்துவிடும் என்று வீட்டில் சொல்லவில்லை. நல்ல எண்ணம்தான். ஆனால் சொல்லாமல் விட்ட இடத்தைப் பிள்ளைகள் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள், பெரும்பாலும் தங்கள் மேலேயே பழியைப் போட்டு. வேலை போனது, கடன், அம்மா அப்பா சண்டை, யாருக்கோ உடம்பு சரியில்லை: எல்லாவற்றையும் விளக்க வேண்டியதில்லை. ‘பாட்டிக்குக் கண்ணில் சிகிச்சை, அடுத்த மாதம் வந்துவிடுவார், நீ காரணம் இல்லை.’ இவ்வளவு போதும்.

அதனால் உங்களிடம் நான் முதலில் கேட்பது பேச்சைத்தான். ‘இன்னிக்கு ஸ்கூல் எப்படி?’ என்றால் ‘ஓகே’ என்றுதான் பதில் வரும், எனக்கும் அப்படித்தான் வருகிறது. ‘ஓய்வு நேரத்தில் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்?’, ‘இன்று யார் உன்னைச் சிரிக்க வைத்தது?’ என்று கேட்டுப் பாருங்கள். எதிரே உட்கார வைத்து விசாரித்தால் பிள்ளை மூடிக்கொள்ளும். மோட்டார் சைக்கிள் கழுவும்போது, கீரை ஆயும்போது, காரில் போகும்போது தானாக வரும். ‘எனக்குப் பொறாமையாக இருந்தது’, ‘பயமாக இருந்தது’ என்று சொன்னால், உடனே புத்திமதி வேண்டாம். ‘அப்படியா, அப்புறம்?’ என்று கேளுங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் பெரியவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2007-இல் வெளிவந்தது. கோபமான, பயந்த முகங்களின் படங்களைப் பார்க்கும்போது அந்த உணர்ச்சிக்கு ஒரு பெயர் சொன்னவர்களின் மூளையில், அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு குறைந்தது. வாய்விட்டுச் சொன்னால் பாரம் குறையும் என்று நம் பாட்டிமார் ஆய்வுக்கூடம் இல்லாமலே சொன்னார்கள்.

‘ஆம்பளப் பிள்ளை அழலாமா?’ என்ற வாக்கியத்தை மட்டும் இந்த ஆண்டோடு நிறுத்திவிடுவோம்.

தூக்கத்தைப் பற்றி நீட்ட மாட்டேன். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. வேன் 6.30-க்கு வருகிறது, பிள்ளை 5.45-க்கு எழுகிறது என்றால், இரவு 8.45-க்குத் தூங்கியிருக்க வேண்டும். கைப்பேசி படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஆகட்டும், உங்களுடையதும் சேர்த்து. டிக்டாக் கணக்குக்கு அந்த நிறுவனமே வைத்திருக்கும் வயது வரம்பு 13, நம் பள்ளியில் அந்த வயதுப் பிள்ளையே கிடையாது. இருந்தும் யாரிடம் கணக்கு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்!

மாலையில் ஓடியாட விடுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்குச் சொல்லும் அளவு சராசரியாக ஒரு நாளைக்கு 60 நிமிடம். நம் ஊர் சுங்கை சிப்புட்டில் திடலுக்கா பஞ்சம்? வீட்டில் ஒரு வேலையும் கொடுங்கள். செருப்பை அடுக்குவதோ, சாமி விளக்குக்குத் திரி போடுவதோ, எதுவானாலும் அது அவன் வேலை, அவன் செய்யாவிட்டால் நடக்காது என்று இருக்கட்டும். தான் தேவைப்படுகிறோம் என்று தெரிந்த பிள்ளையின் நடையே வேறு.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1938-இல் தொடங்கிய ஓர் ஆய்வு இன்றும் நடக்கிறது. ஒரே மனிதர்களை இளமையிலிருந்து முதுமை வரை பின்தொடர்ந்தார்கள். பணம், புகழைவிட நெருக்கமான உறவுகள் இருந்தவர்களே அதிக மகிழ்ச்சியோடும் உடல்நலத்தோடும் இருந்தார்கள். இதைப் படித்தபோது எனக்குத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாக வாழ்ந்த லயத்து வீடுகள்தான் நினைவுக்கு வந்தன. அடி வாங்கிய பிள்ளை மூன்றாவது வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும். அந்த வாழ்க்கையைப் புகழ வரவில்லை, கள்ளுக்கடையும் அதே தோட்டத்தில்தான் இருந்தது. ஆனாலும் இன்று தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக் கம்பிக் கதவுக்குப் பின்னால், அம்மா ஈப்போ தொழிற்சாலையிலிருந்து ஓவர்டைம் முடிந்து வரும் வரை, பிள்ளைக்குத் துணை ஒரு திரை மட்டும்தான். நம்பிக்கையான ஒரு பெரியவர், பெற்றோரைத் தவிர, ஒவ்வொரு பிள்ளைக்கும் வேண்டும். அத்தையோ, பக்கத்து வீட்டு ஆச்சியோ, திடலில் பந்து சொல்லித்தரும் அண்ணனோ யாராவது ஒருவர். அவரை நீங்கள் நன்கு அறிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நன்றி சொல்லும் பழக்கத்தைப் பற்றியும் சிலர் கேட்டீர்கள். நன்றிக்குரியவற்றை வாரம் ஒருமுறை எழுதியவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிட மனநிறைவாக இருந்ததாக 2003-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு சொல்கிறது. பள்ளியில் அதற்கு நோட்டு போடவில்லை. போட்டால் அதுவும் வீட்டுப்பாடமாகிவிடும். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகு, அந்த வாரம் நடந்த ஒரு நல்லதை ஆளுக்கொன்று சொன்னால் சரி.

இனி உங்களைப் பற்றி. ஷிப்ட் முடிந்து, பசியோடும் மேலதிகாரியின் திட்டோடும் வரும் ஒருவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது எளிது, செய்வது கடினம். ‘அப்பாவுக்கு இன்று கோபம், உன் மேல் இல்லை. குளித்துவிட்டு வருகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். பிள்ளை அதைத்தான் கற்றுக்கொள்ளும்.

இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், கூட்டாளிகளை ஒதுக்கி இருந்தாலோ, பள்ளி நாள் காலையில் மட்டும் வயிற்று வலி வந்துகொண்டே இருந்தாலோ காத்திருக்க வேண்டாம். தன்னைக் காயப்படுத்திக்கொள்வதாகப் பிள்ளை சொன்னால், விளையாட்டுக்குச் சொன்னதாகத் தோன்றினாலும், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டுவதை நான் தடுக்க மாட்டேன். கட்டிவிட்டு அரசாங்கக் கிளினிக்குக்கும் போங்கள். நம்மைப் போன்ற சிறிய பள்ளிக்கு முழுநேர ஆலோசக ஆசிரியர் இல்லை. மாணவர் நலப் பொறுப்பாசிரியரிடம் அல்லது என்னிடம் சொல்லலாம். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. தாலியான் காசே (Talian Kasih) என்ற அரசாங்க உதவி எண் 15999, இரவிலும் எடுப்பார்கள். பெரியவர்களும் அழைக்கலாம்.

தர அறிக்கை வாங்க வரும் நாளில் வகுப்பாசிரியர் அறிக்கையை உடனே நீட்ட மாட்டார். பிள்ளையின் நெருங்கிய நண்பர் யார், பிள்ளைக்கு இப்போது எதைக் கண்டால் பயம் என்று முதலில் உங்களிடம் கேட்பார். தெரியாவிட்டால் பரவாயில்லை, பிள்ளையையும் கூடவே அழைத்து வாருங்கள், அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். வேலை நாளில் வர முடியாதவர்கள் அலுவலகத்தில் சொன்னால் மாலையில் நேரம் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்