நீ அனுப்பின புத்தகம் இனித் திரும்பாது

மார்த்தாண்டம்

மக்கா,

எட்டு மாசமாக நான் கடிதம் போடாததற்கு நீ என்னென்ன சொல்லித் திட்டியிருப்பாய் என்று தெரியும். எல்லாம் வாங்கிக்கொண்டேன். இங்கே சுகம். "பம்பாய்க் குதிரை இந்த வருசமாவது ஊருக்கு வருமா?" என்று இவள் கேட்கிறாள். நாஞ்சில் நாடனின் 'சதுரங்கக் குதிரை' நாவலில் பம்பாயில் கிடக்கிற நாராயணனைப் பார்த்து உனக்கு அந்தப் பேரை வைத்தது நான்தான், ஆனாலும் இப்போது இவள்தான் அதிகம் சொல்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். சித்திரையில் நீ அனுப்பின இமையத்தின் நாவல் 'செல்லாத பணம்' வந்த அன்றே அலமாரிக்குள் போய்விட்டது. 2018-இல் வந்த புத்தகம், பேரைப் பார்த்து 2016 நோட்டு விவகாரம் என்று நினைத்துவிட்டேன். 2020-க்கான சாகித்ய அகாடமி கிடைத்தபோதும் அப்படியே நினைத்தேன். சிரிக்காதே. சொட்டையிடமும் சொல்லாதே.

அண்ணனுக்கும் எனக்கும் அயனி மரத்துச் சண்டையில் முறிந்தது உனக்குத் தெரியும். ஆறு வருசம். போன மாசம் அவனுக்கு நெஞ்சுவலி, நாகர்கோயிலில் சேர்த்திருக்கிறது என்று அவன் மகன் போன் பண்ணினான். நான் செய்த காரியத்தைக் கேள். 20,000 ரூபாயைக் கூகுள் பேயில் போட்டுவிட்டு, கடமை முடிந்தது என்று சோறு தின்ன உட்கார்ந்தேன். பத்து நிமிசத்தில் அதே 20,000 திரும்பி வந்தது. கூடவே ஒரு குரல்: "சித்தப்பா, அப்பா வேண்டாம்னு பறஞ்சாச்சு."

ராத்திரி உறக்கம் பிடிக்கவில்லை. மழையில் ரப்பர் வெட்டு நின்று நாலு நாள், காலையில் எழும்பவும் வேலை இல்லை. கைக்குக் கிடைத்தது உன் புத்தகம்.

ரேவதி தீக்காயத்தோடு ஜிப்மரில் கிடக்கிறாள். பெற்றவர்களும் சொந்தக்காரர்களும் வார்டுக்கு வெளியே. இமையம் அந்த இடத்தை விட்டு நகரமாட்டேன் என்கிறார். பேச்சு, அழுகை, மறுபடியும் அதே பேச்சு. எனக்கு எரிச்சலாக வந்தது. இந்தக் காலத்து நாவல்கள் மேல் நான் சொல்லும் குறையும் இதுதானே? மலை இல்லை, கடல் இல்லை, ஒரு வீட்டுச் சண்டையைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாக. தோப்பில் மீரானின் 'சாய்வு நாற்காலி'யில் முஸ்தபாக்கண்ணு வீட்டுச் சாமானை ஒவ்வொன்றாக விற்றுத் தின்றாலும் பின்னால் ஒரு ஊரே எழும்பி நிற்கும்.

ஆனால் மக்கா, ஆஸ்பத்திரித் திண்ணையில் மனுசன் வேறு எப்படிப் பேசுவான்? அம்மாவைக் கொண்டுபோய்ச் சேர்த்த பதினோரு நாளும் நானும் அண்ணனும் ஒரே பேச்சைத்தானே திருப்பித் திருப்பிப் பேசினோம். ராத்திரி அவன் தன் சாரத்தை விரித்து என்னை உறங்க வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்திருப்பான். அது ஓர்மை வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். மணி மூன்று.

விடியற்காலம் முதல் பஸ். தக்கலை தாண்டும்வரை, இறங்கித் திரும்பிவிடலாமா என்றே இருந்தது.

ஊசி குத்தின இடம் நீலம் பாய்ந்து, நகத்தில் ரப்பர் பால் கறையோடு கிடந்தான். நான் வாயடைத்து நின்றேன். கண்ணைத் திறந்து பார்த்தான்.

"சாயா குடிச்சியாலே?"

அவ்வளவுதான். கூழன் சக்கைபோலக் குழைந்து, நீங்களெல்லாம் சேர்ந்து எனக்கு வைத்த பேரை அங்கேயே மெய்யாக்கிவிட்டேன்.

சமாதானம் ஆகிவிட்டது என்று நீ கதை கட்ட வேண்டாம். மத்தியானத்துக்குள் அயனியை ரெண்டு தடவை இழுத்தான். மைனி "நர்ஸக் கூப்பிடுவேன்" என்று மிரட்டித்தான் அடக்கினாள். ரூபாய் விஷயத்தை இன்றுவரை யாரும் எடுக்கவில்லை.

பையிலிருந்த புத்தகத்தை அன்றே வாங்கி வைத்துக்கொண்டான். நெஞ்சுவலிக்காரன் படிக்கிற புத்தகமா இது என்று மைனி என்னைத்தான் ஏசுகிறாள். கல்யாண லெட்டர் தவிர ஒன்றும் படித்தறியாதவன், கண்ணாடி மாட்டி, வரிக்கடியில் விரலை நகர்த்தி, ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் படிக்கிறான். நேற்றுப் போனபோது முகம் கடுகடுவென்று இருந்தது.

"அந்த வாத்தியானுக்கு மொதல்லயே மகள்ட்ட ரெண்டு வார்த்த நல்லதாப் பேசுனா என்னவாம்?"

ஆறு வருசம் முதுகைக் காட்டிக்கொண்டு வேலியோரம் நடந்தவன் கேட்கிற கேள்வி! நான் வாயைத் திறக்கவில்லை. அதே வேலிக்கு இந்தப் பக்கம் நடந்தவன் நான்.

நீ வேறு பிரதி வாங்கிக்கொள். ஊருக்கு வரும்போது அவனுக்கென்று ஒரு நாவல் கொண்டு வா. ஆஸ்பத்திரி வேண்டாம். எழுத்து பெரிசாக இருக்க வேண்டும்.

உன்
கூழன்