வகுப்பு முந்தின நாளே தொடங்கிவிடுகிறது: வீட்டுச் சமையல் வகுப்புக்குப் பதிவு செய்வோருக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நீங்கள் பயணம் போகும் ஊரில் ஒரு வீட்டுக்குப் போய், அந்த வீட்டு அடுப்படியில் நின்று, வீட்டாரோடு சேர்ந்து சமைத்துக் கற்றுக்கொள்ளும் தனி வகுப்புகளை ஏற்பாடு செய்து தருவது எங்கள் வேலை. அடுத்த மாதத்திலிருந்து பதிவு விதிகளில் மூன்று மாற்றங்கள் வருகின்றன. உணவு ஒவ்வாமை பற்றியும், நீங்கள் சாப்பிடாத பொருட்கள் பற்றியும் வகுப்புக்கு ஐந்து நாள் முன்னதாகவே எழுதித் தர வேண்டும். ஒரு சமையலறைக்கு நான்கு பேருக்கு மேல் அனுப்ப மாட்டோம். வகுப்பு தொடங்க 48 மணி நேரம்கூட இல்லாத நிலையில் ரத்து செய்தால் கட்டணம் திரும்பக் கிடைக்காது. எங்கள் பங்கையும் சேர்த்து அந்தத் தொகை முழுவதும் வீட்டாருக்கே போகும்.

ரத்து விதியைப் பார்த்து உங்களில் சிலர் வருத்தப்படுவீர்கள் என்று தெரியும். அதனால் காரணத்தை விரிவாகவே சொல்லிவிடுகிறோம்.

காலை பத்து மணி வகுப்பு என்றால் நீங்கள் பத்து மணிக்குக் கதவைத் தட்டுகிறீர்கள். அந்த வீட்டில் வேலை முந்தின நாளே தொடங்கிவிட்டது. சந்தைக்குப் போய் வந்திருப்பார்கள். ஊற வேண்டியது ஊறிக்கொண்டிருக்கும். புளிக்க வேண்டிய மாவு என்றால் இரவே கரைத்து வைத்திருப்பார்கள், அதற்கு எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். வீட்டில் எல்லோரும் சீக்கிரம் சாப்பிட்டு முடித்து, அடுப்பைத் துடைத்து, உங்களுக்காகக் காலியாக வைத்திருப்பார்கள். வேலைக்குப் போகிற ஒருவர் அன்றைக்கு விடுப்பு எடுத்திருக்கவும் கூடும். உணவகத்தில் ஒரு மேசை வராவிட்டால் வாங்கிய காய் அடுத்த மேசைக்குப் போய்விடும். வீட்டில் அடுத்த மேசை கிடையாது. ஊறியதைத் திரும்ப உலர்த்த முடியாது, வெட்டி வாங்கிய மீனைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

போன பருவத்தில் ஒரு வீட்டில், காலையில் ரத்து செய்தி போன பிறகு நாங்கள் நேரில் போய்ப் பார்த்தோம். மேடையில் ஆறு சிறு கிண்ணங்களில் எல்லாம் அளந்து வரிசையாக வைத்திருந்தது. பக்கத்தில் நான்கு புதுக் கைத்துண்டுகள், மடிப்புக் கலையாமல். அந்த அம்மா ஒரு வார்த்தை குறைசொல்லவில்லை. "அவர்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே?" என்றுதான் கேட்டார். அன்றைக்கு எழுதிய விதிதான் இது. உடல்நலக் குறைவோ, விமானம் ரத்தானதோ காரணம் என்றால் எங்களுக்குச் சொல்லுங்கள். அந்தச் செலவை நாங்கள் ஏற்றுக்கொண்டு உங்களுக்கு வேறு நாள் பார்த்துத் தருவோம். வீட்டாருக்குப் போக வேண்டியது மட்டும் எப்படியும் போய்விடும்.

அடுத்தது ஒவ்வாமைப் படிவம். இதில் தவறு எங்களுடையது, அதையும் மறைக்க விரும்பவில்லை. எங்கள் பழைய படிவத்தில் "வேறு குறிப்புகள்" என்று ஒரே ஒரு கோடு இருந்தது. ஒரு விருந்தினர் அதைக் காலியாக விட்டிருந்தார். மசாலா அரைத்து முடித்து, எண்ணெய் காய்ந்த பிறகு, தனக்கு வேர்க்கடலை ஆகாது என்று பேச்சுவாக்கில் சொன்னார். அரைத்த ஜாடியில் அதற்கு முன்பு அரைத்தது வேர்க்கடலை. அந்த வீட்டம்மா அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே நின்ற நிலை எங்களுக்கு இன்னும் மறக்கவில்லை. விருந்தினருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வகுப்பு அத்தோடு முடிந்தது.

வறுத்தாலோ வேகவைத்தாலோ ஒவ்வாமை போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். வேர்க்கடலையில் ஒவ்வாமை உண்டாக்கும் புரதங்கள் அடுப்புச் சூட்டைத் தாங்கிக்கொள்ளும். ஒரு வீட்டுச் சமையலறையில் அது எங்கெல்லாம் ஒட்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்: அரைக்கும் ஜாடி, விரிசல் விட்ட மரக்கரண்டி, வெட்டும் பலகை, ஏற்கெனவே ஒருமுறை பொரித்து எடுத்து வைத்த எண்ணெய். கோதுமை ஆகாதவர்களுக்கு மாவு பிசைந்த மேடையே சிக்கல். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 14 ஒவ்வாமைப் பொருட்களை உணவில் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல் எள்ளும் அப்படிக் குறிப்பிட வேண்டிய பொருளாகிவிட்டது. அதெல்லாம் விற்பனைக்கு வரும் உணவுக்கு. வீட்டு அலமாரியில் இருக்கும் டப்பாக்களில் சீட்டு ஒட்டியிருக்காது. அதனால் புதுப் படிவத்தில் ஒவ்வொரு பொருளாகக் கேட்கிறோம். நீங்கள் எழுதியதை வீட்டாரின் மொழியில் ஒரு அட்டையில் எழுதி, முன்கூட்டியே அவர்கள் கையில் கொடுக்கிறோம். அதே அட்டையின் இன்னொரு பிரதி உங்களிடமும் இருக்கும். பயணம் முழுக்க எந்த உணவகத்திலும் காட்டலாம். ஆபத்தான ஒவ்வாமை உள்ளவர்களிடம் வெளிப்படையாகவே சொல்கிறோம்: எந்த வீட்டுச் சமையலறையையும் முழுக்கப் பாதுகாப்பானது என்று எங்களால் உறுதி கொடுக்க முடியாது. மருத்துவர் தந்த அவசர மருந்து கையோடு இருக்கட்டும். சில பேருக்கு இந்த வகுப்பு வேண்டாம் என்றே நாங்கள் சொல்லக்கூடும், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. "சைவம்" என்ற ஒரே சொல்லை மட்டும் எழுதாதீர்கள். அந்தச் சொல்லுக்கு ஊருக்கு ஊர் பொருள் மாறும். துண்டாகக் கறி கண்ணில் படாவிட்டால் சைவம் என்று நினைக்கும் வீடுகள் உண்டு. குழம்புக்கு அடியில் எலும்புச் சாறு இருக்கும், சுவைக்குச் சேர்க்கும் சாறில் மீன் இருக்கும், பொரிக்கும் கொழுப்பு விலங்கிலிருந்து வந்ததாக இருக்கும். முட்டை, மீன், எலும்புச் சாறு, விலங்குக் கொழுப்பு, ஜெலட்டின், பால் என்று எதெது வேண்டாமோ அதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். வீட்டார் அதற்கேற்ப மனதார மாற்றித் தருவார்கள். தெரியாமல் நடந்துவிட்டால் அவர்களுக்கும் வருத்தம், உங்களுக்கும் வருத்தம்.

நான்கு பேர் என்ற வரம்புக்குக் காரணம் மிக எளிது. வீட்டு அடுப்பு ஒன்று. ஒரு நேரத்தில் ஒருவர்தான் கிண்ட முடியும். எட்டுப் பேர் போனால் ஆறு பேர் மற்றவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், கத்தியும் கொதி எண்ணெயும் இருக்கிற இடத்தில் அது ஆபத்தும்கூட. பெரிய குழுவாக வருகிறவர்களை இரண்டு வீடுகளுக்குப் பிரித்து அனுப்புவோம். இரவு சந்தித்து, யார் என்ன கற்றார்கள் என்று பேசிக்கொள்ளலாம்.

இனி, உங்களிடமிருந்து அதிகம் வரும் கேள்விக்கு வருகிறோம். "ஏன் செய்முறைத் தாள் தருவதில்லை?"

தந்து பார்த்தோம். தாள் கையில் இருந்தால் கண் தாளில்தான் இருக்கிறது. வெங்காயம் வதங்கும்போது சத்தம் மாறும் இடம் ஒன்று உண்டு. முதலில் சடசடவென்று இரைச்சல். அது வெங்காயத்தில் இருக்கும் தண்ணீர் ஆவியாகிற சத்தம். தண்ணீர் குறையக் குறைய இரைச்சல் அடங்கி, மெல்லிய சீறலாகும். அதற்குப் பிறகுதான் நிறம் வேகமாக ஏறும், வாசனை மாறும். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டி ஏறாது, சிவப்பதற்கு அதைவிட நன்றாக அதிகச் சூடு வேண்டும் என்பதுதான் காரணம். ஒரு வகுப்பில் அந்த அம்மா பேச்சை நிறுத்தி, காதைத் தொட்டுக் காட்டினார். விருந்தினர் குனிந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு வரி எழுதி நிமிர்வதற்குள் அந்த நொடி போய்விட்டது. "பொன்னிறமாக வதக்கவும்" என்று தாளில் இருக்கிற இரண்டு சொல்லுக்குள் அடங்காத பக்குவம் அது. அதைத் தேடித்தான் நீங்கள் அந்த வீட்டுக்கே போகிறீர்கள் என்று நாங்கள் உண்மையாகவே நம்புகிறோம்.

அதற்காக அளவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அளவை எப்படி எடுத்து வருவது என்று சொல்லித் தருகிறோம். கண்ணளவிலும் கையளவிலும் சமைக்கிறவரிடம் "எத்தனை கிராம்?" என்று கேட்டால் அவருக்குப் பதில் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. "ஒரு கப்" என்று சொன்னாலும் தீராது. கப் என்பது பல நாடுகளில் 250 மில்லி, அமெரிக்காவில் சுமார் 237, ஜப்பானில் 200. மேசைக்கரண்டி பொதுவாக 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. எனவே நாங்கள் இப்போது ஒவ்வொரு குழுவோடும் உள்ளங்கை அளவுள்ள ஒரு மின்தராசு கொடுத்தனுப்புகிறோம். அவர் அளக்கும் டம்ளரை நிறையத் தண்ணீர் ஊற்றி எடை போடுங்கள். ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம். டம்ளரின் எடையைக் கழித்து 180 கிராம் வந்தால் அது 180 மில்லி டம்ளர். ஊருக்குத் திரும்பியதும் அதே அளவுள்ள ஒன்றைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளலாம். உப்புக்கு வேறு வழி: அவர் போடுவதற்கு முன்பு உப்பு டப்பாவை எடை போடுங்கள், சமைத்து முடித்த பிறகு மறுபடி போடுங்கள். குறைந்ததுதான் அவர் கைப்பிடி. இதை அவர் வேலைக்கு இடையூறு இல்லாமல் செய்யலாம். கூடவே, உப்பு தூளா கல்லா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே கரண்டியில் இரண்டும் ஒரே எடை இருக்காது.

மலைமேல் உள்ள ஊரில் கற்றுக்கொள்கிறவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். 3000 மீட்டர் உயரத்தில் கொதிநிலை சுமார் 90 டிகிரிதான். அங்கே ஒரு மணி நேரம் வெந்த பருப்பு, கடற்கரை ஊரில் இருக்கும் உங்கள் வீட்டில் அதற்கு முன்பே குழைந்துவிடும். நேரத்தைக் குறித்துக்கொள்வதைவிட, நசுக்கிப் பார்த்தால் எப்படி இருந்தது என்பதைக் கையில் வாங்கி வாருங்கள்.

எத்தனை வகை கற்றுக்கொள்ளலாம் என்று கேட்கிறீர்கள். எங்கள் எண்ணம்: இரண்டு போதும். மூன்று மணி நேரத்தில் ஐந்து வகை என்றால் பாதி வேலையை வீட்டார் முன்பே முடித்து வைக்க வேண்டியிருக்கும். நீங்கள் கடைசியில் தாளித்துக் கொட்டுவதை மட்டும் பார்ப்பீர்கள். இரண்டில் ஒன்று அந்த வீட்டில் சாதாரண நாளில் சாப்பிடுவதாக இருக்கட்டும். விருந்துச் சமையல் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஊர் திரும்பிய பிறகு நீங்கள் மறுபடி மறுபடி செய்து பார்க்கப்போவது அன்றாடச் சமையலைத்தான்.

மொழி தெரியாதே என்ற தயக்கம் வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் அனுப்புகிறோம். இல்லாமலும் நன்றாகவே நடக்கிறது. "போதும்", "இன்னும் கொஞ்சம்", "சூடு", "உப்பு", "இதன் பெயர் என்ன", "ருசியாக இருக்கிறது" என்று ஒரு பத்துச் சொல் அந்த மொழியில் தெரிந்தால் போதும். பதிவு உறுதியானதும் அந்தப் பத்துச் சொல்லைக் குரல் பதிவாக அனுப்புவோம்.

சில சிறு விஷயங்கள். மூடிய செருப்பும் பருத்தி உடையும் நல்லது. வீட்டுக்குள் செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றிவிடுங்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள், குழந்தைகளையும் பூஜை, தொழுகை இடங்களையும் வீட்டார் சரி என்று சொன்னாலொழிய எடுக்க வேண்டாம். அடுப்பு வேறாக இருக்கும்: அங்கே எரிவாயு, உங்கள் வீட்டில் மின்தூண்டல் (இண்டக்‌ஷன்) அடுப்பு என்றால், அங்கே பார்த்த பாத்திரத்தை ஆசைப்பட்டு வாங்கும் முன் அடியில் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டாவிட்டால் உங்கள் அடுப்பில் அது சூடாகாது.

மீந்ததைக் கட்டித் தருவார்கள், அன்போடு தருவார்கள். சமைத்த உணவு வெளிச்சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். அறையில் குளிர்பெட்டி இல்லையென்றால் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அரைத்த விழுது, ஊறுகாய் போன்றவற்றை விமான நிலையத்தில் திரவமாகவே கணக்கிடுவார்கள். பெரும்பாலான இடங்களில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விட மாட்டார்கள், அதனால் அவை பெட்டிக்குள் போகட்டும். இறைச்சி, பால் பொருட்கள், விதைகள், பழங்களைப் பல நாடுகள் உள்ளே அனுமதிப்பதில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அறிவிக்காமல் கொண்டுபோனால் அங்கேயே அபராதம். சந்தேகம் இருந்தால் படிவத்தில் அறிவித்துவிடுங்கள்; அறிவித்த பொருளை எடுத்துக்கொள்வார்களே தவிர, அபராதம் போட மாட்டார்கள்.

ஏற்கெனவே பதிவு செய்தவர்களுக்குப் பழைய ரத்து விதியே செல்லும். ஒவ்வாமைப் படிவத்தை மட்டும் எல்லோரும் நிரப்பி அனுப்பிவிடுங்கள், "எதுவும் இல்லை" என்றாலும் அப்படியே எழுதி. காலியாக வரும் படிவத்துக்கு நாங்கள் தொலைபேசியில் அழைத்துக் கேட்போம். அப்புறம், போய் வந்தவர்களில் யாராவது அங்கே கற்றதை உங்கள் வீட்டில் செய்து பார்த்திருந்தால் ஒரு படம் அனுப்புங்கள். சரியாக வராமல் போயிருந்தாலும் அனுப்புங்கள். அதை அந்த வீட்டாரிடம் காட்டி, எங்கே பதம் தவறியது என்று கேட்டு எழுதுகிறோம். அவர்கள் ஒவ்வொரு முறையும் கேட்பது அதைத்தான்.

அன்புடன்,
உங்கள் பயண ஏற்பாட்டுக் குழுவினர்