ஆண்டறிக்கை: பட்டுப்புழு மனையில் ஓர் உயிரியல் வகுப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பென்னாகரம் வட்டாரத்திலிருந்து வந்திருக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு உயிரினங்களின் பண்புகளையும் வகைப்பாட்டையும் கையில் பொருளைக் கொடுத்தே கற்பிப்பது என்று சென்ற பேரவையில் முடிவெடுத்தோம். மரக்கன்று நடுவதும் வான்நோக்கு நிகழ்ச்சியும் வழக்கம்போல் நடந்தன. அவற்றை விரித்துரைக்கத் தேவையில்லை. இந்த அறிக்கையைச் சனிக்கிழமை வகுப்புகளுக்கே பெரிதும் ஒதுக்குகிறேன்.

உயிருள்ளவை உண்ணும், சுவாசிக்கும், அசையும், வளரும், கழிவை வெளியேற்றும், தூண்டலை உணரும், இனப்பெருக்கம் செய்யும் என்று பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டார்கள். விதைக்கு வைத்திருந்த கேழ்வரகை ஒரு பிடி மேசைமேல் கொட்டி, இதற்கு உயிர் உண்டா என்று கேட்டதும் வகுப்பு இரண்டுபட்டது. விதையை நனைத்து ஒரு பாட்டிலிலும், வறுத்த கேழ்வரகை நனைத்து இன்னொன்றிலும் போட்டு, இரண்டிலும் ஒரு சிறு கிண்ணம் சுண்ணாம்புத் தெளிநீர் வைத்து இறுக மூடினோம். மூச்சில் வெளிவரும் கரியமில வாயு பட்டால் தெளிநீர் வெளுக்கும். மறுநாள் முதல் பாட்டிலில் தெளிநீர் வெளுத்துக் கலங்கியிருந்தது. மற்றதில் மாற்றமில்லை. விதை மூச்சுவிட்டதற்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

அடுத்து மரங்கள். புளி, மா, பனை, மூங்கில், கேழ்வரகு ஆகியவற்றைப் பிரிக்கச் சொன்னால் எல்லோரும் உயரத்தைத்தான் பார்த்தார்கள். இலை நரம்பையும் விதையிலையையும் பார்த்துப் பிரித்தபோது பனையும் மூங்கிலும் கேழ்வரகின் பக்கம் போய்ச் சேர்ந்தன. புறத்தே வைரம் பாய்ந்தது புல், அகத்தே வைரம் பாய்ந்தது மரம் என்று தொல்காப்பிய மரபியல் கூறுவதை நம் மூத்த உறுப்பினரான தமிழாசிரியர் அப்போது எடுத்துரைத்தார். அறுத்த பனந்துண்டையும் புளியந்துண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். பனையின் ஓரத்தில் கருத்த நார் இறுகியிருந்தது, நடுவே மெத்தென்ற சோறு. புளியிலோ நடுவில்தான் வைரம். எதை அளவுகோலாகக் கொள்கிறோமோ அதைப் பொறுத்தே கூட்டம் அமையும் என்பதைப் பிள்ளைகள் அங்கேயே பிடித்துக்கொண்டார்கள்.

ஆண்டின் சிறந்த வகுப்பு நம் உறுப்பினர் ஒருவரின் பட்டுப்புழு வளர்ப்பு மனையில் நடந்தது. மல்பெரி வயல்களும் பட்டுக்கூடு அங்காடியும் உள்ள மாவட்டத்தில் இதைவிட நல்ல ஆய்வகம் கிடைக்காது. பூச்சிக்கு ஆறு கால், புழுவுக்குப் பதினாறு இருக்கிறது, ஆகவே இது பூச்சியே அல்ல என்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி உறுதியாக வாதிட்டாள். லென்ஸைக் கொடுத்தோம். தலைக்குப் பின்னால் உள்ள மூன்று இணை மட்டும் கணுவும் நகமுமாக இருந்தன. பின்னால் உள்ள ஐந்து இணையும் கணுவற்ற சதைக்கால்கள், இலையைப் பற்றிக்கொள்ளச் சிறு கொக்கிகள் உடையவை. பக்கவாட்டில் வரிசையாக இருந்த கரும்புள்ளிகளே மூச்சுத்துளைகள். கூட்டிலிருந்து வெளிவந்த அந்துப்பூச்சியில் ஆறு கால்களே மிஞ்சியிருப்பதை அவளே எண்ணிச் சொன்னாள்.

அந்த மனையில் நோய்கூடப் பாடமானது. சுண்ணாம்புக்கட்டி நோயில் செத்து வெளுத்து விறைத்த புழுவை மூடிய பாட்டிலில் காட்டினோம். அதைக் கொன்றது ஒரு பூஞ்சை. நுண்ணுயிர் ஒன்று விலங்குக்கு நோய் தரும் என்று இத்தாலியின் பாஸி 1835-இல் முதன்முதலாக மெய்ப்பித்தது இந்த நோயைக் கொண்டுதான். பூஞ்சைக்குப் பச்சையம் கிடையாது; அதன் செல்சுவரில் இருப்பது பூச்சியின் மேலோட்டில் உள்ள அதே கைட்டின் என்னும் உறுதியான பொருள். காளானைச் செடியென்று எண்ணியிருந்த பிள்ளைகளுக்கு இது பெரிய செய்தி. பட்டுப்புழுவின் இன்னொரு நோயான பெப்ரினைப் பிரான்சில் பாஸ்டர் 1865 முதல் ஆராய்ந்தார். தாய்ப் பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்க்கும் அவருடைய வழியை ஒட்டியே இன்றும் நோயற்ற முட்டைத் தொகுதிகள் உறுதிசெய்யப்படுகின்றன. அந்நோய்க்குக் காரணமான உயிரியை முன்பு ஒருசெல் விலங்குகளோடு வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுக்குப் பிறகு பூஞ்சைகளின் பக்கம் மாற்றிவிட்டார்கள். புழுவின் உடலிலிருந்து வெண்ணீர் கசியும் பால்நோயைத் தரும் வைரஸோ மூச்சுவிடாது, வளராது, செல்லுக்கு வெளியே பெருகாது. உயிரின வகைப்பாட்டில் உலகம் எனப்படும் பெரும்பிரிவுகள் எதிலும் அதற்கு இடமில்லை.

உயிரினங்களை ஐந்து உலகங்களாகப் பிரிக்கும் ஐந்துலக வகைப்பாட்டுப் படத்தை அச்சிட்டுப் பள்ளிகளுக்குக் கொடுக்கலாம் என்று செயற்குழுவில் சிலர் கருதினர். நான் அதை எதிர்த்தேன், இன்றும் எதிர்க்கிறேன். உயிரினங்களை லின்னேயஸ் என்ற இயற்கையியலாளர் 1735-இல் தாவரம், விலங்கு என இரண்டாக வகுத்தார். விட்டேக்கர் 1969-இல் ஐந்தாக்கினார். 1977-இல் வூஸ் குழுவினர், பாக்டீரியாபோலத் தோன்றும் ஒருசெல் உயிரிகளான ஆர்க்கியாவைப் பாக்டீரியாவிலிருந்து தனியே பிரித்துக் காட்டினார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் உண்டு. காரணத்தை விட்டுவிட்டுப் பெட்டிகளின் பெயரை மட்டும் சுவரில் மாட்டினால் பிள்ளைகள் அதையும் ஒப்பித்துவிட்டுப் போவார்கள். படம் வேண்டுமானால், வகுப்பின் முடிவில் அவர்களே வரையட்டும்.

மனையின் உரிமையாளருக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. தொற்று புகுந்தால் ஒரு பருவத்து உழைப்பே போய்விடும். அப்படியிருந்தும் கை, கால்களைக் கிருமிநாசினியில் கழுவிவிட்டு வரச் சொல்லி அனுமதித்தார். புழுக்கள் கூடு கட்டும் நாட்களில் மட்டும் யாரையும் உள்ளே விடவில்லை. அது முற்றிலும் நியாயமே. மற்ற வளர்ப்பாளர்களை அணுகும்போதும் இந்தக் கட்டுப்பாட்டை நாமே முன்வைக்க வேண்டும்.

வரும் ஆண்டுக்கு மூன்று கோரிக்கைகள். பிள்ளைகள் இருவருக்கு ஒன்று வீதம் கைலென்ஸ் வாங்க வேண்டும். வத்தல்மலைப் பிள்ளைகளுக்கு மலையிலேயே வகுப்பு நடத்த வேண்டும். அவர்களை ஒவ்வொரு வாரமும் கீழே வரவழைப்பது முறையல்ல. ஒகேனக்கல் ஆற்றை ஒட்டி, முதலை, நீர்நாய், மீன் மூன்றும் ஒரே நீரில் வாழ்ந்தும் வகைப்பாட்டில் வெவ்வேறு வகுப்பாவது ஏன் என்ற பாடத்துக்கு வனத்துறையின் அனுமதி பெற வேண்டும். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வறிக்கையை ஏற்று, மூன்று கோரிக்கைகளையும் தனித்தனியே வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்