வரைபடத்தில் ஒரு கல், தொட்டியில் வேறு கல்: தாவர மீன்தொட்டி அமைப்பு குறித்த புகார்

அனுப்புநர்:
கோயம்புத்தூர்க் கிளை வாடிக்கையாளர்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: ஒப்புதல் பெற்ற வரைபடத்துக்கு மாறாகத் தாவர மீன்தொட்டி அமைத்தது, கல்லையும் மண்ணையும் மாற்றித் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

எங்கள் வீட்டு வரவேற்பறையில் தாவர மீன்தொட்டி ஒன்றை வடிவமைத்து, நிறுவி, அதன்பின் ஆறு மாத காலம் செடிகளைக் கத்தரித்துச் சீர்படுத்தித் தருவதற்காக உங்கள் நிறுவனம் என்னிடம் 78,000 ரூபாய் பெற்றுக்கொண்டது. இதில் 12,000 ரூபாய் வடிவமைப்புக் கட்டணம் என்று ரசீதில் தனியாகவே காட்டப்பட்டுள்ளது. அந்த வடிவமைப்பைப் புறக்கணித்துவிட்டு வேறொன்றை அமைத்தீர்கள் என்பதும், வரைபடத்தில் இல்லாத கல்லை வைத்ததால் செடிகள் அழிந்தன என்பதும், மூல காரணத்தைச் சரிசெய்யாமல் புட்டி புட்டியாகத் திரவங்களை விற்றீர்கள் என்பதும்தான் என் புகார். விளக்கு, கேனிஸ்டர் ஃபில்டர், செடிகளுக்கான கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் ஆகியவற்றில் எனக்குக் குறை ஏதுமில்லை.

முதலில் வரைபடம். 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் கொண்ட தொட்டிக்கு உங்கள் வடிவமைப்பாளர் வரைந்து, நான் கையெழுத்திட்டு ஒப்புதல் அளித்த படத்தில், முதன்மைக் கல்லின் உச்சி இடப்பக்கக் கண்ணாடியிலிருந்து 34 செ.மீ. தொலைவில் குறிக்கப்பட்டுள்ளது. தொட்டியின் நீளத்தைத் தங்க விகிதத்தில் (ஏறக்குறைய 1:1.6) பிரித்தால் அந்தப் புள்ளிதான் கிடைக்கும் என்று அவரே எனக்கு விளக்கினார். மண் முன்புறம் 4 செ.மீ., பின்புறம் 18 செ.மீ. உயரத்தில் சரிவாக இருக்க வேண்டும். அந்தச் சரிவு நாளடைவில் இறங்கிவிடாதபடி பின்புற மண்ணுக்கு அடியில் எரிமலைக் கல் நிரப்பிய வலைப்பைகளும், குறுக்கே தடுப்புப் பட்டைகளும் வைக்கப்பட வேண்டும். நடுவிலிருந்து பின்னோக்கிக் குறுகிச் செல்லும் வெண்மணல் பாதை ஒன்று, பார்ப்பவருக்குத் தொட்டியின் ஆழத்தைக் கூட்டிக் காட்ட வேண்டும். கல் என்ற இடத்தில் ‘டிராகன் ஸ்டோன்’ என்று தெளிவாக எழுதப்பட்டுள்ளது. உண்மையைச் சொன்னால், அது நல்ல வரைபடம். அதைப் பார்த்துத்தான் மற்ற இரண்டு கடைகளின் விலைப்பட்டியல்களையும் ஒதுக்கிவிட்டு உங்களிடம் வந்தேன்.

நிறுவப்பட்டதோ வேறு. முதன்மைக் கல்லின் உச்சி 44 செ.மீ. தொலைவில், அதாவது ஏறக்குறைய நட்டநடுவில் நிற்கிறது. அலங்காரத்துக்காக உள்ளே வைத்த மரக்கிளை வலப்பக்கக் கண்ணாடியில் இடித்ததால் எல்லாவற்றையும் சற்று நகர்த்தியதாக உங்கள் பணியாளர் கூறினார். கிளையின் நுனியை அறுத்திருந்தால் போதுமே என்று நான் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. வலைப்பைகளும் தடுப்புப் பட்டைகளும் விலைப்பட்டியலில் இருக்கின்றன, மண்ணுக்கு அடியில் இல்லை. பின்புற மண் இப்போது 10 செ.மீ. உயரத்துக்கு இறங்கிவிட்டது. சரிந்து வந்த கருமண் உருண்டைகள் வெண்மணல் பாதையில் கலந்து, பாதை எங்கே முடிகிறது, மண் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத நிலையில் இருக்கிறது. ஆழமாகத் தெரிய வேண்டிய தொட்டி தட்டையாகத் தெரிகிறது.

இவை அழகு சார்ந்த குறைகள் என்று நீங்கள் சொல்லக்கூடும். கல்லைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. டிராகன் ஸ்டோன் கையிருப்பில் இல்லையென்றும், அதற்குப் பதிலாக வைக்கப்படும் வெண்ணிற வரிகள் ஓடும் சாம்பல் நிறக் கல் ‘இதைவிட உயர்ந்த ரகம், தண்ணீரின் தன்மையை எந்த வகையிலும் மாற்றாது’ என்றும் உங்கள் கிளையிலிருந்து எனக்கு வாட்ஸ்அப் செய்தி வந்தது. அந்த உறுதிமொழியை நம்பித்தான் மாற்றத்துக்கு இசைந்தேன். அந்த உறுதிமொழி பொய். ‘செய்ரியு’ என்ற பெயரில் பரவலாக விற்கப்படும் இவ்வகைக் கற்களில் சுண்ணாம்பு கலந்திருக்கும் என்பது இத்தொழிலில் இருப்பவர்கள் அனைவரும் அறிந்ததே. தொட்டியிலிருந்து ஒரு சிறு கல்லை எடுத்து உலர்த்தி, அதன் வெள்ளை வரியின் மேல் சமையலறை வினிகரைச் சில சொட்டுகள் விட்டேன். வரி நெடுகிலும் பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பின. காதருகே வைத்தால் மெல்லிய இரைச்சலும் கேட்டது. வடிவமைப்புப் பேச்சுவார்த்தையின்போது மாதிரியாக நீங்கள் கொடுத்த காவி நிற டிராகன் ஸ்டோன் துண்டு இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. அதன் மேல் அதே வினிகரை விட்டபோது ஒரு குமிழிகூட வரவில்லை. இரண்டையும் ஒரே காணொளியாகப் பதிவுசெய்து இணைத்துள்ளேன்.

இது குறித்து நான் முறையிட்டபோது உங்கள் கிளை அளித்த முதல் பதில், ‘உங்கள் ஊர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர்’ என்பது. கோயம்புத்தூர்க்காரரிடம் சொல்லக்கூடிய பதிலா இது? ஆழ்துளைக் கிணற்று நீரைப் பற்றிச் சொல்லியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன். எங்கள் தொட்டியில் ஊற்றப்படுவது சிறுவாணிக் குடிநீர். குழாயில் பிடித்த நீரைச் சொட்டுப் பரிசோதனைக் கருவியால் சோதித்ததில் கார்பனேட் கடினத்தன்மை (கரைந்துள்ள கார்பனேட்டுகளின் அளவு) 2 டிகிரி, மொத்தக் கடினத்தன்மை (கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றின் அளவு) 3 டிகிரி. அதே நாளில் தொட்டி நீரில் முறையே 8, 10. இரண்டு அளவுகளும் ஏறக்குறைய ஒன்றுபோல் உயர்ந்திருப்பதே கால்சியம் கார்பனேட் கரைந்து கலக்கிறது என்பதற்கான அடையாளம். கரைவதற்கு உள்ளே வேறென்ன இருக்கிறது?

அடுத்த அறிவுரை இதைவிட மோசமானது. செடிகள் வளராததற்குக் கார்பன் டை ஆக்சைடு போதாமையே காரணம் என்று கூறி, அந்த வாயு குமிழிகளாக வரும் வேகத்தை இரு மடங்காக்கச் சொன்னார்கள். கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம் உண்டாகிறது. சுண்ணாம்புக் கல்லைக் கரைப்பதும் அந்த அமிலம்தான். வாயுவைக் கூட்டக் கூட்டக் கல் இன்னும் வேகமாகக் கரையுமே தவிர, நிலைமை சீராகாது. அவர்கள் சொன்னபடி கூட்டிய அன்று பிற்பகலில், நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடின் அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கரின் திரவம் பச்சையைத் தாண்டி வெளிர் மஞ்சளாக மாறியிருந்தது. பச்சை என்றால் லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம் என்பதும், மஞ்சள் என்றால் மீன்களுக்கு ஆபத்து என்பதும் நீங்கள் கொடுத்த கையேட்டிலேயே இருக்கிறது. எம்பர் டெட்ரா மீன்கள் அத்தனையும் நீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. உடனே வால்வை அடைத்து, காற்றுக் குழாயைப் போட்டதால் மீன்கள் பிழைத்தன.

அதற்கும் பிறகு பி.எச். குறைப்பான் என்று ஒரு திரவத்தையும், நுண்ணூட்டம், இரும்புச் சத்து என்று மேலும் சில புட்டிகளையும் வாங்க வைத்தீர்கள். கல் உள்ளே இருக்கும்வரை, குறைத்த பி.எச். மீண்டும் ஏறிவிடும். நீரைச் சற்று அமிலத்தன்மையில் வைத்திருப்பதற்காகவே அதிக விலையில் விற்கப்படும் அக்வா சாய்ல் என்ற தொட்டி மண்ணும் கல்லிலிருந்து வரும் சுண்ணாம்போடு போராடியே தன் திறனை இழந்துவிட்டது. ஓராண்டுக்கு மேல் உழைக்க வேண்டிய மண் அது.

எந்தச் செடிகள் அழிந்தன, எவை பிழைத்தன என்பதைப் பார்த்தாலே விஷயம் விளங்கும். தென்னிந்திய நீர்நிலைகளுக்கே உரிய ரோட்டாலா மக்ராண்ட்ரா, கார்பனேட் குறைந்த மென்னீரை விரும்பும் செடி. அதன் நுனி இலைகள் சுருண்டு, சிவப்பு மங்கி, தண்டு கீழிருந்து கறுத்து அறுந்து மிதந்தது. கடின நீரைத் தாங்கும் வாலிஸ்னேரியாவோ பின்புறம் முழுவதும் செழித்துப் பரவி நிற்கிறது. இலங்கையைத் தாயகமாகக் கொண்ட கிரிப்டோகோரைன் வென்டி முதலில் இலை கரைந்தாலும் வேரிலிருந்து மீண்டும் துளிர்த்துவிட்டது. விளக்கிலோ உரத்திலோ குறை இருந்திருந்தால் பாதிப்பு இப்படி ஆள்பார்த்து வந்திருக்காது.

சீர்படுத்தும் சேவையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கும் பணம் வாங்கியிருக்கிறீர்கள். தாவரத் தொட்டியில் நிறுவும் நாளன்று வேலை முடிவதில்லை. பின்புறத் தண்டுச் செடிகளை ஓரங்களில் உயரமாகவும் பாதையை ஒட்டித் தாழ்வாகவும் வெட்டி வெட்டி, கிளைகள் அடர்ந்து வரச்செய்து, வரைபடத்தில் உள்ள வடிவத்துக்குக் கொண்டுவருவதே வடிவமைப்பின் பிற்பாதி. உங்கள் பணியாளர் ரோட்டாலா முழுவதையும் தெருவோர வேலியை வெட்டுவது போல ஒரே மட்டத்தில் வெட்டிவிட்டுப் போனார். மண்ணுக்கு மேலே, கல்லிலோ மரத்திலோ நூலால் கட்டப்பட வேண்டிய அனுபியாஸ் நானாவின் கிடைத்தண்டு மண்ணுக்குள் புதைக்கப்பட்டிருந்தது. நான் அதை வெளியே எடுத்தபோது தண்டு கூழாகி விரலோடு ஒட்டிக்கொண்டது. அழுகல் வாடை கை கழுவிய பின்னும் போகவில்லை. இந்தச் செடியைப் புதைக்கக் கூடாது என்பது வீட்டில் சிறு தொட்டி வைத்திருக்கும் பள்ளி மாணவர்களுக்குக்கூடத் தெரியும்.

உங்கள் விளம்பர ஏடு, தாவர மீன்தொட்டிக் கலையின் முன்னோடியான ஜப்பானின் தகாஷி அமானோவின் பெயரை முதல் பக்கத்திலேயே சொல்கிறது. 2015-ஆம் ஆண்டு மறைவதற்குச் சில மாதங்களுக்கு முன் லிஸ்பன் நகரில் 40 மீட்டர் நீளத் தொட்டியை அமைத்த மனிதரின் பெயரைச் சொல்லிவிட்டு, 90 செ.மீ. தொட்டியில் கல்லை அளந்து வைக்காமல் போவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. சாம்பல் நிறக் கல்லே கூடாது என்று நான் வாதிடவில்லை. அதை முதலிலேயே தீர்மானித்து, அதற்கேற்ற செடிகளைத் தேர்ந்தெடுத்து, நீரை அடிக்கடி மாற்றும் திட்டத்தோடு அமைத்தால் அழகான தொட்டிகள் உருவாகும். மென்னீர்ச் செடிகளுக்காக வரையப்பட்ட படத்தில், வாடிக்கையாளரிடம் பொய்யான உறுதி கூறி அதை நுழைத்ததுதான் தவறு.

ஆகவே, இக்கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் தொட்டியிலுள்ள சாம்பல் நிறக் கற்கள் அனைத்தையும் அகற்றி, வரைபடத்தில் உள்ளபடி டிராகன் ஸ்டோனை உரிய இடத்தில் வைத்துத் தர வேண்டும். திறனிழந்த மண்ணை மாற்றி, வலைப்பைகளும் தடுப்புப் பட்டைகளும் இட்டுச் சரிவை மீண்டும் அமைக்க வேண்டும். அழிந்த ரோட்டாலா, அனுபியாஸ் செடிகளுக்கு ஈடாகப் புதியவை தர வேண்டும். தேவையின்றி வாங்க வைத்த திரவங்களின் விலை 4,350 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். சீர்படுத்தும் சேவைக் காலம் மறு அமைப்பு முடிந்த நாளிலிருந்து புதிதாகக் கணக்கிடப்பட வேண்டும். இவற்றைச் செய்ய இயலாது என்றால் 78,000 ரூபாயையும் முழுமையாகத் திருப்பித் தருமாறு கோருகிறேன்.

உரிய பதில் கிடைக்காவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை ஆகிய காரணங்களுக்காக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். உங்கள் தலைமை அலுவலகம் சென்னையில் இருந்தாலும், நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க அச்சட்டம் இடமளிக்கிறது என்பதை நினைவூட்டுகிறேன். கையெழுத்திட்ட வரைபடம், ரசீதுகள், வாட்ஸ்அப் செய்திகள், நீர்ப் பரிசோதனைப் படங்கள், வினிகர் சோதனைக் காணொளி ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

வேலைக்கு ஆள் அனுப்பும் நாளைக் குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன் தெரிவிக்கவும். புதிய மண் முதல் சில வாரங்கள் அம்மோனியாவை வெளியிடும் என்பதால், மீன்களை அதுவரை வைத்திருக்க வடிகட்டியுடன் தனித் தொட்டி ஒன்றை ஏற்பாடு செய்துவிட்டேன். அதற்காக உங்கள் பணியாளர் எதுவும் கொண்டுவர வேண்டியதில்லை. கற்களை மட்டும், இறக்குவதற்கு முன் எனக்குக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.