சித்தப்பாவுக்கு, ரனியேரி வந்து பத்து வருடம் ஆகும்போது

சித்தப்பா,

நாளை 2025 ஜூலை 13. ரனியேரி நம் லெஸ்டர் கால்பந்து கிளப்புக்கு மேனேஜராக வந்து பத்து வருடம். இந்தப் பத்தாவது வருடத்தில் நம் கிளப்புக்கு மேனேஜரே இல்லை. ரூட் வான் நிஸ்டல்ரோய் ஜூன் 27 அன்று போய்விட்டார். ஆகஸ்டில் சீசன் தொடங்குகிறது, அதுவும் மறுபடி இரண்டாம் நிலை லீகான சாம்பியன்ஷிப்பில். பார்க்கிறவர்கள் எல்லாம் என்னை நிறுத்தி ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். ஒருவருக்கு ஷான் டைச் வேண்டும். இன்னொருவருக்குக் க்யூபிஆர் கிளப்பில் மேனேஜராக இருந்த சிஃபுவென்டெஸ். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியாமல் எனக்கு எந்தப் பெயர் மேலும் நம்பிக்கை வர மாட்டேன் என்கிறது.

2015இல் நம் கிளப்பின் பழைய ஆட்டக்காரர் கேரி லினேக்கரே "ரனியேரியா, நிஜமாகவா?" என்று ட்விட்டரில் கேட்டார். கிரீஸ் அணியைச் சொந்த மண்ணில் ஃபாரோ தீவுகளிடம் தோற்கவிட்டு வேலை போன மனிதர் என்று ஊரே சிரித்தது. "கிரீஸை விடுடா, இத்தாலிக்காரன் முதலில் பின்னால் தடுப்பாட்டத்துக்குப் பூட்டுப் போடுவான், அப்புறம் பார்" என்றீர்கள். நான் உங்களோடு சண்டை போட்டேன். அடுத்த மே மாதம் 81 புள்ளியோடு லீக் கோப்பை நமக்கு, இரண்டாவது வந்த அர்செனலைவிடப் பத்து அதிகம். அதைப் பற்றி உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை.

எழுத வேண்டியது ரனியேரியை நீக்கிய 2017 பிப்ரவரி 23 பற்றி. இதைப் போனில் அனுப்பினால் நீங்கள் திறக்க மாட்டீர்கள். இங்கே போட்டால் சித்தி படித்துக் காட்டிவிடுவார். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் சிலதைப் பெயர் இல்லாமல் சொல்கிறேன். உங்களுக்குப் புரியும்.

அன்று வியாழக்கிழமை. முந்தின நாள்தான் சாம்பியன்ஸ் லீகில் செவியாவிடம் அவர்கள் ஊரில் 2-1 என்று தோற்றிருந்தோம், வார்டி அடித்த அந்த ஒரு கோலால் ஏதோ நம்பிக்கையும் இருந்தது. சாயங்காலம் செய்தி வந்ததும் நேராக உங்கள் வீட்டுக்கு வந்தேன். டிவி சத்தம் குறைத்து ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் தரையில் பேப்பர் விரித்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தீர்கள். மெல்டன் ரோடு கடையில் எப்போதாவது வரும் கீரை, நானும் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். "கோப்பை வாங்கிப் பத்து மாசம் ஆகலையேடா" என்றீர்கள். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். நான் கணக்குச் சொல்ல ஆரம்பித்தேன். 2017 பிறந்து லீகில் ஒரு கோல் அடிக்கவில்லை. வரிசையாக ஐந்து தோல்வி. கீழ் லீகுக்கு இறங்கும் இடத்துக்கு ஒரே ஒரு புள்ளி மேலே. கான்டேயை செல்சிக்கு விற்ற பிறகு நடுவில் ஓட ஆள் இல்லை, அதற்கு ரனியேரி வைத்த மாற்று ஒவ்வொரு வாரமும் வேறாக இருந்தது. எல்லாம் உண்மை. இன்றைக்கும் ஒரு எண்ணைக்கூட மாற்ற மாட்டேன்.

அப்புறம்தான் அதைச் சொன்னேன். "போன வருஷம் செஞ்சதுக்கு எவன் இந்த வருஷம் சம்பளம் கொடுப்பான்?"

நீங்கள் கீரை உருவுவதை நிறுத்தவில்லை. சித்திதான் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பேப்பரை நாலாக மடித்து, காம்புகளோடு எடுத்துக்கொண்டு உள்ளே போனீர்கள். திரும்பி வரவில்லை. டிவியில் நம் ஆட்கள் கோப்பை தூக்கும் காட்சியை மறுபடி மறுபடி போட்டார்கள். நான் கிளம்பிவிட்டேன்.

நீங்கள் அத்தனை வருடம் வேலை பார்த்த இடம் உங்களை அனுப்பி அப்போது இரண்டு வாரம்கூட இல்லை. எந்த இடம் என்று இங்கே எழுதவில்லை, அங்கே இன்னும் நம் ஆட்கள் வேலை பார்க்கிறார்கள். நான் ரனியேரியைப் பற்றித்தான் பேசினேன், சித்தப்பா. சத்தியமாக. ஆனால் அந்த வாரம் அந்த வீட்டில் ரனியேரியைப் பற்றி மட்டும் பேச முடியாது என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. மன்னித்துவிடுங்கள். சொன்ன வார்த்தைக்கும், சித்தி முன்னால் சொன்னதற்கும், இதைக் கேட்க இத்தனை வருடம் எடுத்துக்கொண்டதற்கும்.

ரனியேரியை நீக்கியது சரி என்று நினைப்பதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்க முடியவில்லை. அடுத்த திங்கள் லிவர்பூலை 3-1 என்று அடித்தோம். உங்கள் சீட் காலியாகக் கிடந்தது. 65ஆவது நிமிடத்தில், ரனியேரிக்கு 65 வயது என்பதால், ஜனங்கள் போன் விளக்கைத் தூக்கிப் பிடித்தார்கள். நானும் பிடித்தேன். நான் அவருக்கு எதிரி இல்லை என்பதை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கலாம். இரண்டு வாரம் கழித்து செவியா இங்கே வந்தது. மோர்கன், ஆல்பிரைட்டன் அடித்த கோல்கள், ஷ்மைக்கேல் பிடித்த பெனால்டி. சாம்பியன்ஸ் லீக் காலிறுதி, லெஸ்டர்! லீகில் 12ஆம் இடம். அத்தனையும் கிரெய்க் ஷேக்ஸ்பியர் செய்தது. ரனியேரிக்கு உதவியாளராக இருந்தவர், பழைய ஆட்டத்தையே மறுபடி ஆட விட்டார். அவ்வளவுதான், அணி எழுந்தது. அந்த ஜூனில் மூன்று வருட ஒப்பந்தம் கொடுத்து அக்டோபரில் அவரையும் அனுப்பினார்கள். ரனியேரிக்காக உலகமே பேசியது, மான்செஸ்டர் யுனைடெட் மேனேஜராக இருந்த மொரினியோ சட்டையில் அவர் பெயரின் முதல் எழுத்துகளைக் குத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஷேக்ஸ்பியருக்காக நீங்கள்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன வருடம் ஆகஸ்டில் அவர் இறந்தபோது நான் உங்களுக்கு போன் செய்தேன், நினைவிருக்கிறதா? எடுக்கவில்லை.

விசுவாசம் என்று நீங்கள் பேசியதெல்லாம் யாருக்காக? ஒரு மேனேஜர் போனதற்கு அணியையே விட்டுவிட்டீர்கள். என்னையும். 2021இல் டீலெமான்ஸ் அடித்த கோலுக்கு, எஃப்ஏ கோப்பைக்கு, கிளப் வரலாற்றிலேயே முதல் முறை, "பார்த்தியாடா" என்று ஒரு வார்த்தை வரவில்லை. அன்றைக்கு நான் எவ்வளவு நேரம் போனைக் கையில் வைத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது.

ஆனால் 2018 அக்டோபரில் வந்தீர்கள். கிளப் முதலாளி விச்சாயின் ஹெலிகாப்டர் மைதானத்துக்கு வெளியே விழுந்த மறுநாள். ரனியேரியை நீக்கியது அவருடைய நிர்வாகம்தான். அதற்காக அவரை நீங்கள் திட்டாத திட்டு இல்லை. அப்படிப்பட்டவர் ஒரு மஞ்சள் செவ்வந்திக் கொத்தோடு பூக்குவியலுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றீர்கள். அந்தக் குளிரில் வெறும் காலோடு. எனக்கு அழுகை வந்தது, அவருக்காகவா உங்களுக்காகவா என்று தெரியவில்லை. என் தோளைத் தொட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டீர்கள். முடிவெடுத்த முதலாளியை மன்னிக்க உங்களால் முடிந்தது. அந்த முடிவைச் சரி என்று சொன்ன அண்ணன் மகனை முடியவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

சரி, உங்கள் பக்கமும் ஒன்று சொல்லிவிடுகிறேன். போன நவம்பரில் மேனேஜர் ஸ்டீவ் கூப்பரை நீக்கியபோதும் நாம் இறங்கும் இடத்துக்கு ஒரு புள்ளி மேலேதான் இருந்தோம், 2017 போலவே. அடுத்து வந்த வான் நிஸ்டல்ரோய் காலத்தில் சொந்த மைதானத்தில் தொடர்ந்து ஒன்பது லீக் ஆட்டம், ஒரு கோல்கூட இல்லாமல் தோல்வி. ஐந்து ஆட்டம் பாக்கி இருக்கும்போதே இறங்கிவிட்டோம். ஆளை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று நான் என்றைக்கும் சொன்னதில்லை. 2017இல் அடுத்த ஆள் வீட்டுக்குள்ளேயே இருந்தார், அணிக்கு அவரைத் தெரியும், அவருக்கு அணியைத் தெரியும். 2024இல் அப்படி யாரும் இல்லாமலே முதல் ஆளை அனுப்பினார்கள். இந்த வித்தியாசத்தை உங்களிடம் சொல்லி வாதாட எனக்கு ஆசை. நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள், தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சீட்டை இத்தனை சீசனாக நான்தான் பணம் கட்டி வைத்திருந்தேன். சித்தி சொல்லியிருப்பார், சொல்லாவிட்டால் இப்போது தெரிந்துகொள்ளுங்கள். இந்த வருடம் அதைப் பாப்பா பெயருக்கு மாற்றிவிட்டேன். வார்டி நமக்காக ஆடிய கடைசி ஆட்டத்தில் இப்ஸ்விச்சுக்கு எதிராக அவருடைய 200ஆவது கோல் விழுந்தபோது அவள் அதில்தான் உட்கார்ந்திருந்தாள். உங்களை ஒதுக்கிவிட்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படி எடுத்துக்கொண்டாலும் நான் மாற்றப்போவதில்லை, அவள் வாரா வாரம் வருகிறாள்.

நீங்கள் வருவதென்றால் மூன்றாவது டிக்கெட் எடுப்பது என் பொறுப்பு. பாப்பாவுக்கு நடுவில் ஓடுகிற ஆட்டக்காரரைக் கவனிக்க யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறாள். அப்புறம், டைச் வந்தால் பின்னால் பூட்டுப் போடுவார், ஆனால் சாம்பியன்ஷிப்பில் 46 ஆட்டம், கோல் அடிக்காமல் மேலே ஏற முடியாது. இது என் அபிப்பிராயம். உங்களுடையதைச் சித்தியிடமாவது சொல்லி அனுப்புங்கள்.